பழைய டிவி ஆக்‌ஷன் தொடரை இன்றைய சினிமாவாக எடுப்பது என்றால் என்ன?

வாராவாரம் டிவியில் ஓடிய சாகசத் தொடர் ஒன்றின் ஆட்களையும் அடிப்படைச் சூழலையும் எடுத்துக்கொண்டு, இரண்டு மணி நேரத்தில் முடிகிற புதுக் கதையாகச் சொல்வதுதான் இது.

ஏன் அப்படியே எடுக்க முடியாது? அந்தக் காலத் தொடர்களில் நாயகன் வாரம் ஒரு சிக்கலைத் தீர்ப்பான். கடைசியில் எல்லாம் பழைய நிலைக்கே திரும்பிவிடும். அப்போதுதான் அடுத்த வாரமும் கதை ஓடும். சினிமாவில் அது எடுபடாது. படம் முடியும்போது யாராவது மாறியிருக்க வேண்டும், அல்லது எதையாவது இழந்திருக்க வேண்டும்.

'தி ஃப்யூஜிடிவ்' 1963 முதல் 1967 வரை 120 எபிசோடுகள் ஓடிய அமெரிக்கத் தொடர். மனைவியைக் கொன்றதாகத் தவறாகத் தண்டிக்கப்பட்ட டாக்டர் ஊர் ஊராக ஓடுகிறார். 1993 படம், வாராவாரம் வந்துபோன ஊர்களையும் மனிதர்களையும் விட்டுவிட்டு, துரத்தலையும் கொலையாளியைத் தேடுவதையும் இறுகப் பிடித்துக்கொண்டது. இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்த படம் இதுதான். 'மிஷன்: இம்பாசிபிள்' தொடர் (1966–73) ஒரு உளவாளிக் குழுவின் கதை, 1996 படம் அதைத் தனி மனிதனின் கதையாக்கி, பழைய தலைவரையே துரோகியாகக் காட்டியது. பழைய ரசிகர்களுக்கு வலித்தது நியாயம்தான்.

தொடரைப் படமாக்குவது, பெரிய வீட்டிலிருந்து சிறிய வீட்டுக்குக் குடிபோவதைப் போல. எல்லாச் சாமானும் வராது. ஆனால் எது இல்லாவிட்டால் அது நம் வீடாகவே தோன்றாதோ, அது வந்தாக வேண்டும்.

அப்புறம், தொடரைப் பார்த்திருந்தால்தான் படம் புரியும் என்று பலர் தயங்குகிறார்கள்; மேலே சொன்ன இரண்டு படங்களையும் தொடரே பார்க்காமல் நேராகப் பார்க்கலாம்.