பள்ளிக்குப் போகும் வழியில் காரைக் குறைப்பது எப்படி? – கேள்வி பதில்

பிள்ளைகளைத் தினமும் காரில் பள்ளிக்குக் கொண்டுபோய் விடும் வழக்கத்தைக் குறைப்பது குறித்துப் பெற்றோரும் ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு, பள்ளிப் பயணத் திட்டமிடலில் நெடுங்காலமாக ஈடுபட்டுவரும் ஒருவர் அளித்த பதில்கள் இவை.

கேள்வி (இரு பிள்ளைகளின் தாய்): பள்ளி எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான். இவ்வளவு குறைந்த தூரத்துக்குக் காரை எடுப்பதால் பெரிதாக என்ன கெட்டுவிடப் போகிறது?

பதில்: அந்த இரண்டு கிலோமீட்டரை முழுதாகக் கணக்கிட்டுப் பாருங்கள். காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு வீடு திரும்பினால் நான்கு கிலோமீட்டர். மாலையில் அழைத்துவரப் போனால் இன்னும் நான்கு. ஆண்டுக்கு 200 பள்ளி நாட்கள் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1,600 கிலோமீட்டர். அதில் சரிபாதித் தூரம், பிள்ளைகள் காரில் இல்லாமலேயே ஓடுகிற தூரம். நடந்தோ மிதிவண்டியிலோ செல்லும் பிள்ளைக்கு இந்த வெற்றுப் பயணம் தேவைப்படுவதேயில்லை.

குறைந்த தூரம் என்பதால் புகையும் குறைவு என்று எண்ண வேண்டாம். பெட்ரோல் காரின் புகைபோக்கியில் நச்சு வாயுக்களைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி, ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய பிறகே சரியாக வேலை செய்யத் தொடங்கும். ஆகவே குளிர்ந்த என்ஜினைக் கிளப்பிய முதல் சில நிமிடங்களில்தான் ஒரு கார் மிக மோசமான புகையைக் கக்குகிறது. பள்ளிப் பயணங்களில் பெரும்பாலானவை அந்த முதல் சில நிமிடங்களுக்குள்ளேயே அடங்கிவிடுபவை.

கேள்வி (ஒரு தந்தை): காரைக் கைவிட எனக்கும் விருப்பம்தான். ஆனால் பள்ளிச் சாலை முழுக்க வண்டிகள். ஏழு வயது மகளை அதில் நடத்திக் கூட்டிப் போகவே அச்சமாக இருக்கிறது.

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். உங்கள் பள்ளியின் மற்றப் பெற்றோரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். சாலையில் கார் அதிகம் என்பதால் ஒருவர் பிள்ளையைக் காரில் ஏற்றுகிறார். அதனால் சாலையில் இன்னொரு கார் கூடுகிறது. அதைக் கண்டு அடுத்தவரும் காரை எடுக்கிறார். அமெரிக்காவில் 1969இல் 5 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளில் ஏறத்தாழ 48 விழுக்காட்டினர் நடந்தோ மிதிவண்டியிலோ பள்ளிக்குப் போனார்கள். 2009இல் அது ஏறத்தாழ 13 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது. பள்ளிகள் தொலைவுக்குப் போனது இதற்கு ஒரு காரணம் என்றாலும், நடக்கக்கூடிய தூரத்தில் இருந்த குடும்பங்களிலும் நடப்பவர்கள் குறைந்துபோனார்கள்.

இந்தச் சுழலை உடைத்துக் காட்டிய நாடுகளும் உண்டு. நெதர்லாந்து என்றாலே மிதிவண்டி என்று இன்று சொல்கிறோம். ஆனால் 1971ஆம் ஆண்டில் மட்டும் அந்த நாட்டுச் சாலைகளில் 400க்கும் மேற்பட்ட சிறார் உயிரிழந்தார்கள். பிள்ளைகளின் கொலையை நிறுத்துங்கள் என்ற முழக்கத்தோடு பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். பிறகே தெருக்களின் வடிவமைப்பு படிப்படியாக மாறியது. எனவே ‘அங்கே எப்போதும் அப்படித்தான், இங்கே முடியாது’ என்பதை நான் ஏற்பதில்லை.

உங்கள் மகளைப் பொறுத்தவரை இரண்டு செய்திகளைச் சொல்கிறேன். முதலாவது, வேகம். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், 30 கிலோமீட்டரில் வரும் அதே காரைப் போல ஏறத்தாழ 2.8 மடங்கு ஆற்றலோடு மோதுகிறது. பிரிட்டனின் சாலை விதிக் கையேடு, மணிக்கு 20 மைல் வேகத்தில் வரும் கார் நிற்க 12 மீட்டரும், 30 மைல் வேகத்தில் 23 மீட்டரும் தேவை என்கிறது. ஆகவே வழியைத் தேர்ந்தெடுக்கும்போது மிகக் குறுகிய வழியைப் பார்க்காமல், வண்டிகள் மெதுவாகப் போகும் வழியைப் பாருங்கள். ஐந்து நிமிடம் கூடினாலும் பரவாயில்லை.

இரண்டாவது, பயிற்சி. பத்து வயதுக்கு முன் பெரும்பாலான பிள்ளைகளால், நெருங்கி வரும் வண்டியின் வேகத்தைச் சரியாக மதிப்பிட முடியாது. அது அவர்களுடைய கவனக்குறைவு அன்று. பார்வையும் மூளையும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. எனவே ஏழு வயதில் தனியாக அனுப்புவது பற்றிப் பேசவே வேண்டாம்; நீங்கள் உடன் நடக்க வேண்டும். ஆனால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதோடு நிறுத்தாமல், எங்கே கடப்பது, எப்போது கடப்பது என்று அவளைச் சொல்லச் சொல்லுங்கள். ‘ஏன் இப்போது வேண்டாம்?’ என்று கேளுங்கள். காரின் பின்னிருக்கையில் அமர்ந்து வரும் பிள்ளைக்கு இந்தப் பாடம் கிடைப்பதில்லை. பன்னிரண்டு வயதில் திடீரென்று தனியாகச் சாலைக்கு வரும்போதுதான் அந்தக் குறை தெரியும்.

கேள்வி (ஒரு பாட்டி): பேரனை நான் நடத்தியே கூட்டிப் போகத் தயார். ஒரு கிலோமீட்டர்தான். மருமகள், ‘உங்களுக்கு எதற்கு அத்தை சிரமம்’ என்று காரை எடுத்துவிடுகிறாள். என்ன சொல்லிப் புரியவைப்பது?

பதில்: அம்மா, உங்கள் மருமகள் அக்கறையில்தான் சொல்கிறார். வாதாட வேண்டாம்; வாரத்தில் இரண்டு நாள் மட்டும், அதுவும் பொழுது நெருக்காத மாலை வேளையில் நடத்தி அழைத்து வருகிறேன் என்று கேளுங்கள். ஒரு கிலோமீட்டரைச் சிறு பிள்ளையோடு நடக்க இருபது நிமிடம் போதும். வளரும் பிள்ளைகளுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு அறுபது நிமிடமாவது உடலை நன்கு இயக்கும் வேலை தேவை என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதில் ஒரு நல்ல பங்கை இந்த நடை கொடுத்துவிடும். பள்ளியில் நடந்ததையெல்லாம் அவன் உங்களிடம் சொல்லிக்கொண்டு வருவதைக் கேட்டால், மூன்றாவது நாளையும் மருமகளே தருவார் என்று நம்புகிறேன்.

கேள்வி (தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்): எங்கள் பள்ளி வாசலில் காலை எட்டரை மணிக்கு நிற்க இடமில்லை. பெற்றோருக்குச் சுற்றறிக்கை அனுப்பிப் பார்த்தோம்; பயனில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: சுற்றறிக்கையால் பழக்கம் மாறுவதை நான் பார்த்ததில்லை. யாரையும் குறை கூறாமல் முதலில் கணக்கெடுங்கள். ஒவ்வொரு வகுப்பிலும், இன்று யார் எப்படி வந்தீர்கள் என்று கை தூக்கச் சொல்லி ஒரு வாரம் குறித்துவையுங்கள். பிறகு பள்ளியைச் சுற்றியுள்ள பகுதியின் வரைபடத்தில், காரில் வரும் பிள்ளைகளின் வீடுகள் எந்தெந்தத் தெருக்களில் இருக்கின்றன என்று புள்ளி வையுங்கள். ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் எத்தனை புள்ளிகள் விழுகின்றன என்று பார்க்கும்போது, எங்கே தொடங்குவது என்பதை வரைபடமே காட்டிவிடும்.

புள்ளிகள் நெருக்கமாக உள்ள ஒரே ஒரு வழியில் ‘நடைப் பேருந்து’ ஒன்றைத் தொடங்குங்கள். இது 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டேவிட் எங்விக்ட் முன்வைத்த யோசனை. 1998இல் இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் நடைமுறைக்கு வந்து, பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. ஓட்டுநருக்குப் பதில் முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒரு பெரியவர். நடுவில் பிள்ளைகள் வரிசையாக நடக்கிறார்கள். குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட நிறுத்தங்களில் நின்று பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு போவதால்தான் அதற்கு அந்தப் பெயர். மிகச் சிறிய பிள்ளைகளானால் நால்வருக்கு ஒருவர், சற்றுப் பெரியவர்களானால் எண்மருக்கு ஒருவர் என்ற அளவில் பெரியவர்கள் உடன் செல்வது பல இடங்களில் வழக்கம். ஸ்பெயினின் பார்சிலோனாவில் 2021 முதல் இதையே மிதிவண்டியில் செய்கிறார்கள். பெற்றோரும் பிள்ளைகளும் கூட்டமாக, சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு, பள்ளிக்குப் போகிறார்கள்.

இத்தகைய முயற்சிகள் எங்கே நின்றுபோகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். மிகுந்த ஆர்வமுள்ள ஒரு தாயின் தோளில் முழுப் பொறுப்பும் விழுந்து, அவருடைய பிள்ளை அடுத்த பள்ளிக்குப் போனதும் எல்லாம் அப்படியே நின்றுவிடும். எனவே தொடக்கத்திலேயே முறைப் பட்டியல் போடுங்கள்; ஒருவருக்கு வாரத்தில் ஒரு நாளுக்கு மேல் கொடுக்காதீர்கள். உடன் வருவோரின் பின்னணியைச் சரிபார்ப்பது, அவசரத் தொடர்பு எண்கள், வராத பிள்ளையைப் பற்றி எத்தனை மணிக்குள் தெரிவிப்பது போன்றவற்றைப் பள்ளி அலுவலகம் ஏற்றுக்கொள்ள வேண்டும். வேலைப் பளு கூடுமே என்று அலுவலகம் தயங்கும்; வாசலில் தினமும் நடக்கும் சச்சரவைத் தீர்ப்பதைவிட இது குறைந்த வேலைதான்.

கேள்வி (வேலைக்குச் செல்லும் தாய்): பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே அலுவலகத்துக்குப் போகிறேன். நடந்து போய், திரும்பி வந்து, பிறகு காரை எடுப்பதென்றால் தாமதமாகிவிடும்.

பதில்: உங்கள் நிலையில் உள்ளவர்களைப் பார்த்து நடங்கள் என்று சொல்வது எளிது, அது நியாயமில்லை. உங்களால் முடிந்தது ஒன்று உண்டு. பள்ளிக்கு ஐந்நூறு, அறுநூறு மீட்டர் முன்பே, யாருக்கும் இடையூறு இல்லாத இடத்தில் காரை நிறுத்திவிட்டு மீதியை நடந்து செல்லுங்கள். பள்ளி வாசல் நெரிசலில் ஊர்ந்து, இடம் தேடி, திரும்பி வெளியேறும் நேரத்தைக் கணக்கில் கொண்டால் அவ்வளவாகத் தாமதம் இராது. இல்லையென்றால், உங்கள் தெரு வழியாக நடக்கும் இன்னொரு குடும்பத்தோடு பிள்ளையைச் சேர்த்துவிட்டு, அதற்கு ஈடாக விடுமுறை நாளில் அவர்கள் பிள்ளையைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஐந்து நாளும் மாற வேண்டியதில்லை. ஒவ்வொரு குடும்பமும் வாரத்தில் ஒரு நாள் காரை விட்டாலே, வாசலுக்கு வரும் கார்களில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

கேள்வி: பள்ளி ஒன்பது கிலோமீட்டர் தொலைவு. நடப்பதெல்லாம் நடக்காத காரியம்.

பதில்: ஆம், நடக்க முடியாது. பள்ளிப் பேருந்து இருந்தால் அதுதான் முதல் தேர்வு. இல்லாவிட்டால் மூன்று குடும்பங்கள் சேர்ந்து முறைவைத்து ஒரே காரில் அனுப்பலாம்.

கேள்வி (மேற்படி பதிலைத் தொடர்ந்து): அப்படி மற்றவர் பிள்ளைகளை ஏற்றிச் செல்வதில் கவனிக்க வேண்டியவை யாவை?

பதில்: பிள்ளைக்கு ஓர் இருக்கை, ஓர் இருக்கைப் பட்டை என்பதில் எந்தச் சமரசமும் கூடாது, அருகில்தானே என்று மடியில் வைத்துக்கொள்வது பெரும் ஆபத்து. சிறு பிள்ளைகளுக்கு உயரத்துக்கேற்ற தனி இருக்கை வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுவான வரம்பு 150 சென்டிமீட்டர். உறுப்பு நாடுகள் அதை 135 வரை குறைத்துக்கொள்ளலாம். உங்கள் நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். எரிபொருள் செலவைப் பகிர்வதற்கும் இலாபத்துக்கு ஓட்டுவதற்கும் காப்பீட்டில் வேறுபாடு உண்டு என்பதால், காப்பீட்டு நிறுவனத்திடம் ஒரு முறை எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. தாமதமாக வரும் குடும்பத்துக்கு எத்தனை நிமிடம் காத்திருப்பது என்பதையும் முதல் நாளே பேசி முடிவு செய்யுங்கள். இந்தக் கூட்டு முறை முறிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கேள்வி (பள்ளிக்கு அருகில் வசிப்பவர்): பள்ளி தொடங்கும் நேரத்தில் தெருவையே கார்களுக்கு மூடிவிடலாம் என்று பேச்சு வருகிறது. நெரிசல் பக்கத்துத் தெருவுக்குத்தானே போகும்?

பதில்: இத்தாலியின் போல்சானோ நகரம் 1989இலேயே இதைத் தொடங்கியது. பிள்ளைகள் உள்ளே போகும் நேரத்திலும் வெளியே வரும் நேரத்திலும் மட்டும் பள்ளித் தெருவில் கார்கள் நுழையத் தடை. இலண்டனில் 2020க்குப் பின் இத்தகைய தெருக்கள் ஐந்நூறைத் தாண்டின. நீங்கள் கேட்ட இதே கேள்வியை எடின்பரோ நேப்பியர் பல்கலைக்கழகம் ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, பெரும்பாலான இடங்களில் அக்கம்பக்கத் தெருக்களையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் மொத்த வண்டிகள் குறைந்தன என்கிறது. வாசல் வரை போக முடியாது என்றானதும் பலர் காரை எடுப்பதையே விட்டுவிடுகிறார்கள். உங்களைப் போன்ற குடியிருப்பாளர்களுக்கும் அவசர வண்டிகளுக்கும் வழக்கமாக விலக்கு உண்டு. உங்கள் தெருவிலும் அது இருக்க வேண்டும் என்று இப்போதே கேளுங்கள்.

கேள்வி: மின்சாரக் காருக்கு மாறிவிட்டால் போதாதா?

பதில்: புகைபோக்கிப் புகை நீங்கும், அது நல்லதுதான். வாசல் நெரிசலும், பின்னோக்கி எடுக்கும்போது பிள்ளை கண்ணில் படாத ஆபத்தும், சக்கரத் தேய்மானத்தால் எழும் துகள்களும் அப்படியே இருக்கும்.

கேள்வி: நடந்தால் என் மகன் புகையைச் சுவாசிப்பானே? காருக்குள் இருந்தால் கண்ணாடியாவது இருக்கிறது.

பதில்: கண்ணாடி புகையைத் தடுப்பதில்லை. நெரிசலில் உங்கள் கார் உள்ளே இழுக்கும் காற்று, முன்னால் நிற்கும் காரின் புகைபோக்கிக்கு மிக அருகிலிருந்து வருகிறது. அதே சாலையின் ஓரத்தில் நடப்பவரைச் சுற்றியுள்ள காற்றைவிடக் காருக்குள் மாசு அதிகமாக இருப்பதைப் பல அளவீடுகள் காட்டியிருக்கின்றன. நடப்பவர் சற்று வேகமாக மூச்சு வாங்குவார் என்பதும் உண்மை. ஆகையால் பெருஞ்சாலையை ஒட்டி நடக்காமல் உட்தெரு வழியாகச் செல்லுங்கள். காரில் வந்தே ஆக வேண்டியவர்கள், காத்திருக்கும்போது என்ஜினை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி (சக்கர நாற்காலியில் செல்லும் மகனின் தாய்): இப்படிப்பட்ட திட்டங்களைக் கேட்டாலே, எங்களைப் போன்றவர்களைக் குற்றவாளியாக்கிவிடுவார்களோ என்று தோன்றுகிறது.

பதில்: நீங்கள் காரில் வருவதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை, அம்மா. வாசலுக்கு மிக அருகில் உள்ள இடம் உங்கள் மகனுக்கு உரியது. அங்கே ‘இரண்டே நிமிடம்’ என்று சொல்லி நிறுத்துகிறவர்களால்தான் நீங்கள் இரண்டு தெரு தள்ளி இறங்க நேர்கிறது. எந்தத் திட்டமும் முதலில் அந்த இடத்தை ஒதுக்கிக் குறித்துவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டும். உங்கள் பள்ளியில் அப்படிச் செய்யவில்லையென்றால் திட்டத்தைத் திருத்தச் சொல்லுங்கள். அதற்கு மற்றப் பெற்றோரும் உடன் நிற்க வேண்டும்.

கேள்வி: புத்தகப் பை கனக்கிறதே, மழை வேறு.

பதில்: மழைக்கு நல்ல மழைச்சட்டையும் மாற்றுக் காலுறையும் போதும். பை, பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாதிருப்பது நல்லது. அதற்கு மேல் இருந்தால் பள்ளியிலேயே புத்தகங்களை வைத்துவிட்டு வர வழி கேளுங்கள்.

கேள்வி (பெற்றோர் குழு உறுப்பினர்): பள்ளி முன்னே பாதசாரிக் கடவை வேண்டும் என்று உள்ளாட்சிக்கு எழுதினோம். ‘அங்கே கடப்பவர்கள் அதிகம் இல்லை’ என்று பதில் வந்துவிட்டது.

பதில்: ஆபத்தாக இருப்பதால் யாரும் கடப்பதில்லை, யாரும் கடக்காததால் கடவை கிடையாது என்கிறார்கள். இந்தப் பதிலை அப்படியே ஏற்காதீர்கள். கடவை இருந்தால் நடந்து வருவோம் என்று சொல்லும் குடும்பங்களின் எண்ணிக்கையையும், அவர்கள் இப்போது எந்த வழியில் காரில் வருகிறார்கள் என்பதையும் எழுத்தில் திரட்டுங்கள். ஒரு வாரம், பள்ளி தொடங்கும் அரைமணி நேரத்தில் ஒரு பிள்ளை சாலையைக் கடக்க எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று நொடிக் கணக்கில் குறித்துவையுங்கள். இரண்டையும் இணைத்து, தலைமையாசிரியரின் கையெழுத்தோடு மீண்டும் அனுப்புங்கள். கூடவே, பொறுப்பான அதிகாரியை ஒரு காலை வேளையில் பிள்ளைகளோடு அந்த இடத்தில் வந்து நிற்கும்படி எழுத்திலேயே அழையுங்கள்.