போலீஸ் ஸ்குவாட் தொடர் ஏன் 6 எபிசோடோடு நின்றது?

கேள்வி: 'நேக்கட் கன்' என்ற ஹாலிவுட் காமெடிப் படங்களுக்கு மூலம் 'போலீஸ் ஸ்குவாட்' என்ற டிவி தொடர்தான் என்கிறார்கள். அவ்வளவு நல்ல காமெடியை ஏன் 6 எபிசோடிலேயே நிறுத்தினார்கள்?

உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது, அதனால்தான். கிண்டல் இல்லை. தொடரை ஒளிபரப்பிய அமெரிக்க ஏபிசி சேனலின் பொழுதுபோக்குப் பிரிவுக்கு அன்று தலைவராக இருந்த டோனி தோமோபுலஸ் சொன்ன காரணமே அதுதான்: கவனித்துப் பார்த்தால்தான் ரசிக்க முடிகிறதாம். 1982 மார்ச்சில் 4 எபிசோட் போட்டதோடு கதை முடிந்தது. மீதி இரண்டையும் ஜூலையில் ஒப்புக்குப் போட்டுத் தீர்த்தார்கள்.

கேட்கும்போது அபத்தமாகத் தோன்றினாலும் அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. அன்றைய சிட்காம் (டிவி காமெடித் தொடர்) காதுக்கானது. ஒரு வசனம், உடனே சிரிப்பொலி. நம் மெகா சீரியல் மாதிரி அடுப்படியில் நின்றே கேட்டுக்கொள்ளலாம். 'போலீஸ் ஸ்குவா'டில் சிரிப்பொலியே கிடையாது. எங்கே சிரிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரமாட்டார்கள்.

டைட்டிலையே எடுத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பாளர் எபிசோடுக்கு ஒரு பெயர் சொல்வார், திரையில் வேறு பெயர் இருக்கும். ஆபிரகாம் லிங்கனாக ஒரு நடிகரை அறிமுகப்படுத்துவார்கள். நாடக அரங்கில் சுடப்பட்ட லிங்கன் திரும்பித் துப்பாக்கியால் சுடுவார். அதோடு சரி, தொடரில் அவருக்கு வேலையே இல்லை. 'சிறப்பு விருந்தினர்' என்று வருகிற பெரிய நட்சத்திரம் டைட்டிலிலேயே செத்துவிடுவார். 'ஸ்டார் டிரெக்' நடிகர் வில்லியம் ஷாட்னர் குண்டு மழையில் தப்பித்து, ஒயினை ஒரு வாய் குடித்து விழுவார். ஒரு நிமிடம் தாமதமாக டிவியைப் போட்டவருக்கு இதெல்லாம் போச்சு.

இன்னொரு தொல்லை, நடிப்பு. லெஸ்லி நீல்சன் அதற்கு முன் பல வருடம் சீரியஸ் வேடம் போட்டவர். மடத்தனமான துப்பறிவாளர் ஃபிராங்க் டிரெபினையும் அதே விறைப்போடுதான் செய்தார். ஒரு இடத்திலாவது கண்ணைச் சிமிட்டியிருந்தால் மொத்தமும் கெட்டிருக்கும். ஆனால் சேனலை மாற்றிக்கொண்டே வருகிறவர் கண்ணுக்கு அது 1950களின் 'எம் ஸ்குவாட்' மாதிரி நிஜப் போலீஸ் தொடராகவே பட்டிருக்கும். இசையும் பின்னணிக் குரலும் அந்தப் பாணியேதான்.

தொடரை உருவாக்கிய ஸுக்கர் சகோதரர்களும் ஜிம் ஆப்ரஹாம்ஸும் 1988இல் இதே டிரெபினை 'நேக்கட் கன்' என்று சினிமாவுக்குக் கொண்டுபோனதும் படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. இருட்டில் 85 நிமிடம் வேறு எதைப் பார்ப்பது?

இப்போது பார்ப்பதானால் சப்டைட்டிலை அணைத்துவிடுங்கள். கண் கீழே போனால் பின்னால் நடக்கும் கூத்து தப்பிவிடும். 'இன்ட்ரோவைத் தவிர்' பொத்தானைத் தொடவே கூடாது. முடிவில் பெயர்கள் ஓடும்போதும் எழுந்து போகாதீர்கள். படம் உறைந்தது மாதிரி இருக்கும், ஆனால் உறையவில்லை. நடிகர்கள் மூச்சைப் பிடித்து நிற்கிறார்கள். ஓர் எபிசோடில் காபி கோப்பை நிரம்பி வழிந்துகொண்டே இருக்கும்.