வாசகர் கேள்வி – பதில்: கொல்லமும் அஷ்டமுடிக் காயலும்

கேள்வி: விடுமுறையில் இரண்டு நாள்களுக்குக் கொல்லம் செல்ல எண்ணியுள்ளோம். வயதான தாயாரும் உடன் வருகிறார். உறவினர்களோ, கொல்லத்தில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, அங்கே இறங்கி நேரே ஆலப்புழைக்குப் போய்விடுங்கள் என்கிறார்கள். தங்கள் கருத்து என்ன?
– தென்காசி வாசகர்

பதில்: உறவினர்களின் சொல்லை இந்த ஒரு முறை கேட்க வேண்டாம். ஆலப்புழை அழகான ஊர்தான். ஆனால் அதன் துறைமுகம் பதினெட்டாம் நூற்றாண்டில்தான் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசனால் உருவாக்கப்பட்டது. கொல்லமோ அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அரபு நாடுகளுக்கும் சீனத்துக்கும் தெரிந்திருந்த துறை. மலைநாட்டின் மிளகும் இஞ்சியும் ஆறுகளின் வழியே, கடலோடு இணைந்த உப்பங்கழியான அஷ்டமுடிக் காயலுக்கு இறங்கி, அங்கிருந்து கடலுக்குச் சென்றதால்தான் இந்த ஊர் வளர்ந்தது. ஆகவே காயலையும் பழைய துறைமுகத்தையும் சேர்த்துப் பார்ப்பவருக்குத்தான் கொல்லம் விளங்கும். படகில் ஏறி இறங்கிவிட்டுத் திரும்புபவர் பாதியைத்தான் பார்க்கிறார்.

தாங்கள் தென்காசியிலிருந்து செல்வது பெரிய வசதி. செங்கோட்டை – கொல்லம் இருப்புப்பாதை 1904இல் திறக்கப்பட்டது. அகலப்பாதையாக மாற்றும் பணி 2018இல் முடிந்தது. மலையைப் பகலில் கடக்கும் ரயிலாகப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். ஆரியங்காவைத் தாண்டி, தென்மலைக்கு முன்பாக, கருங்கல் தூண்களில் நிற்கும் பதின்மூன்று கண் பாலம் வரும். தாயாருக்குச் சன்னலோர இருக்கை கிடைத்தால் பயணத்தின் பாதி மகிழ்ச்சி அங்கேயே கிடைத்துவிடும்.

முதல் நாள் மாலையைத் தங்கசேரிக்கு ஒதுக்குங்கள். 1902இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கமும், போர்ச்சுக்கீசியர் 1519இல் எழுப்பிய புனித தோமையார் கோட்டையின் எஞ்சிய சுவர்களும் அருகருகே உள்ளன. போர்ச்சுக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர்களும், அவர்களிடமிருந்து 1795இல் ஆங்கிலேயரும் கைப்பற்றிய இந்தச் சிறு நிலத்துண்டு, திருவிதாங்கூருக்கு நடுவே இருந்தும் பிரிட்டிஷ் ஆட்சியில் சில காலம் திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது என்பதைத் தங்கள் பகுதியினரில் பலர் அறியமாட்டார்கள்.

படகைப் பொறுத்தவரை, படுக்கையறை கொண்ட பெரிய படகு வீட்டுக்குச் செலவிட வேண்டியதில்லை. கேரள அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகுத்துறை பேருந்து நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. காயலோரத்து மக்கள் அன்றாடம் சென்றுவரும் அந்தப் படகில் ஏறினால், சீனவலைகளையும் தீவுகளையும் குறைந்த கட்டணத்தில் பார்க்கலாம். பயண நேரங்கள் மாறக்கூடியவை என்பதால் முதல் நாளே நேரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் வரலாறு பயிலும் மாணவி. தரிசாப்பள்ளிச் செப்பேடுகளைக் கொல்லத்தில் பார்க்க முடியுமா? பழைய துறைமுகத்தின் தடயம் ஏதேனும் மிஞ்சியிருக்கிறதா?
– மதுரை வாசகி

பதில்: செப்பேடுகள் கொல்லத்தில் இல்லை. அவை கோட்டயத்திலும் திருவல்லாவிலும் உள்ள சிரியன் கிறித்தவத் திருச்சபைகளின் பாதுகாப்பில் உள்ளன. ஆயினும் அவற்றைப் படித்துவிட்டு இந்த ஊருக்குச் செல்வதே முறை என்பேன்.

சேர மன்னன் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 849இல், வேணாட்டை ஆண்ட அய்யன் அடிகள் திருவடிகள், மருவான் சபீர் ஈசோ என்ற வணிகத் தலைவர் நிறுவிய தரிசாப்பள்ளி என்ற கிறித்தவத் தேவாலயத்துக்கு நிலமும் குடிகளும் வரிச்சலுகைகளும் அளித்ததை அந்தச் செப்பேடுகள் கூறுகின்றன. வட்டெழுத்தில் எழுதப்பட்ட அந்த வாசகம், நம் கல்வெட்டுகளைப் படித்துப் பழகியவருக்கு அந்நியமாகத் தோன்றாது. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் ஆகிய வணிகக் குழுக்களின் பெயர்கள் அதில் வருகின்றன. மணிக்கிராமத்தாரைக் கொடும்பாளூர் வணிகர்களாகச் சோழநாட்டுக் கல்வெட்டுகளிலும் தாங்கள் சந்தித்திருப்பீர்கள். எல்லாவற்றிலும் வியப்பளிப்பது சாட்சிகளின் கையொப்பங்கள் உள்ள ஏடு. சிலர் கூஃபி அரபு எழுத்திலும், சிலர் பழைய பாரசீக எழுத்தான பகலவியிலும், சிலர் பாரசீக மொழியை எபிரேய எழுத்திலும் ஒப்பமிட்டிருக்கிறார்கள். ஒரு கிறித்தவப் பள்ளிக்கு ஓர் இந்து அரசர் வழங்கிய கொடைக்கு முஸ்லிம்களும் பாரசீகரும் யூதரும் சாட்சி நின்றது சமய நல்லிணக்கத்துக்காக மட்டும் பாராட்டப்பட வேண்டிய செய்தியன்று; கடல் வணிகத்தில் ஒருவரை ஒருவர் நம்பியே தீரவேண்டிய வணிகர்கள் அந்த ஊரில் நிலையாக இருந்தார்கள் என்பதற்கு அது நேரடிச் சான்று.

இனித் தடயங்கள். பழைய துறைமுகத்தின் கட்டடங்களைத் தரைமேல் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் இப்போதைய துறைமுகத்தை ஆழப்படுத்தக் கடலடியைத் தோண்டியபோது சீனக் காசுகளும் மட்கல உடைசல்களும் வெளிவந்தன. பதினான்காம் நூற்றாண்டில் இங்கு வந்த மொராக்கோப் பயணி இப்னு பதூதா, இந்த ஊரில் சீன வணிகரைக் கண்டதாக எழுதியதை அவை மெய்ப்பிக்கின்றன. தங்கள் ஆய்வுக்கு உதவக்கூடிய இன்னொரு தடயம் தென்பாண்டி நாட்டிலேயே இருக்கிறது: கி.பி. 825இல் தொடங்கும் கொல்லம் ஆண்டைத் திருநெல்வேலி, குமரிப் பகுதிகளின் கல்வெட்டுகளிலும் பழைய பத்திரங்களிலும் காணலாம்.

கேள்வி: எந்த மாதத்தில் செல்வது நல்லது?
– சேலம் வாசகர்

பதில்: நவம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை. மீன்பிடித் துறைமுகமான நீண்டகரையின் பரபரப்பைக் காண விரும்பினால் ஜூன், ஜூலை மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். பருவமழைக் காலத்தில் கேரளத்தில் இழுவை மடி விசைப்படகுகளுக்கு 52 நாள் தடை உண்டு.

கேள்வி: மன்றோ தீவு மூழ்கிக்கொண்டிருக்கிறது என்கிறார்கள். மக்கள் துன்பப்படும் இடத்துக்குச் சுற்றுலா செல்வது சரியா?
– கோயம்புத்தூர் வாசகி

பதில்: இப்படிக் கேட்கத் தோன்றியதற்கே தங்களைப் பாராட்ட வேண்டும். கல்லடை ஆறு அஷ்டமுடிக் காயலில் கலக்கும் இடத்தில், ஆறு கொண்டுவந்த வண்டல் படிந்து உருவானது இந்தத் தீவுக் கூட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரில் ஆங்கிலேயரின் பிரதிநிதியான ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் ஜான் மன்றோவின் பெயரால் வழங்குகிறது. ஆண்டுதோறும் வெள்ளத்தோடு வந்த வண்டல்தான் அந்த நிலத்தை உயர்த்திவந்தது. தென்மலையில் கல்லடை ஆற்றின் குறுக்கே அணை எழுந்தபின் அந்த வரத்து குறைந்துவிட்டது. இப்போது கடல் ஏற்றத்தின்போது உப்புநீர் வீட்டு வாசலுக்கும் உள்ளுக்கும் வருகிறது. அடித்தளம் இறங்கிச் சுவர்கள் விரிசல் விடுகின்றன. தென்னை காய்ப்பது குறைந்திருக்கிறது. குடும்பங்கள் பல வெளியேறிவிட்டன.

ஆயினும் செல்லலாம் என்பதே என் பதில், எப்படிச் செல்கிறோம் என்பதில் கவனம் இருந்தால். தோப்பும் வயலும் கைவிட்ட நிலையில், கழி ஊன்றித் தள்ளும் வள்ளத்தில் விருந்தினரை ஏற்றிச் செல்வது அங்குள்ள சிலருக்கு இன்று வருமானம். தீவுக்காரர் ஒருவரின் வள்ளத்தையே நேரில் பேசி அமர்த்துங்கள். அவர் சொல்லும் கூலியைக் குறைக்க வேண்டாம். விசைப்படகு கிளப்பும் அலை குறுகிய கால்வாய்களின் கரையை அரிப்பதால் அதைத் தவிர்ப்பது நம் கடமை. வீடுகள் கால்வாயின் விளிம்பிலேயே இருக்கின்றன. முற்றத்தில் பாத்திரம் துலக்கும் பெண்களையும் விளையாடும் குழந்தைகளையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். விடியற்காலையில் சென்றால் வெயிலின் கடுமையும் இராது, கூட்டமும் இராது.

காயல் முழுவதும் நலிந்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2002 முதல் உள்ள இந்த நீர்நிலையில், மட்டி என்னும் சிப்பி வகையை அள்ளும் தொழில் நீடித்த மீன்பிடிப்புக்கான பன்னாட்டுச் சான்றிதழை 2014இல் பெற்றது; இந்தியாவில் அத்தகைய சான்று பெற்ற முதல் மீன்பிடித் தொழில் அதுவே. மட்டி இனப்பெருக்கம் செய்யும் மாதங்களில் அள்ளுவதை நிறுத்திவைப்பதும், சிறு மட்டிகளைத் தப்பவிடும் அளவுக்கு வலைக்கண்ணைப் பெரிதாக வைப்பதும் அங்கு நடைமுறையில் உள்ளன. தங்கள் வள்ளக்காரரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். மட்டி அள்ளுபவர்கள் அவரது வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கவே வாய்ப்பு அதிகம்.