34 வயதில் வந்ததா, முன்பே இருந்ததா?

மதிப்புக்குரிய அம்மா,

எனக்கு வயது 34. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர்களை ஒருங்கிணைக்கும் வேலை) இருக்கிறேன். நிறத்தை மாற்றச் சொல்லி பையர் (துணி வாங்கும் நிறுவனம்) அனுப்பிய மெயிலைப் படித்தேன். சாயப்பட்டறைக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்ததும் நினைவிருக்கிறது. ஆனால் சொல்லவில்லை. துணி முழுவதும் பழைய நிறத்திலேயே சாயம் ஏறி வந்து நின்றது. இப்படி எத்தனையோ. கூட்டத்தில் எதிரே இருப்பவரின் வாய் அசைவது தெரியும், என்ன சொன்னார் என்பது தெரியாது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனால், தீய்ந்த வாடை வந்துதான் கூப்பிட வேண்டும். "அப்பனைப் போலவே" என்பார் அம்மா. அப்பா காங்கயம் தோட்டத்தில் மடை திருப்பப் போய், அதை மறந்துவிட்டு வேலியோரம் யாருடனாவது பேசிக்கொண்டு நிற்பார்.

மனச்சோர்வாக இருக்குமோ என்று கோவையில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். நெடுநேரம் பேசினார், அம்மாவை வரவழைத்து விசாரித்தார், ரத்தப் பரிசோதனை செய்து தைராய்டும் ரத்தசோகையும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு, கவனக்குறைவு மேலோங்கிய ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறு) என்று சொல்லி, மெத்தில்பெனிடேட் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நாமக்கல் பக்கம் விடுதியில் தங்கிப் படித்து, பிளஸ் டூவில் 1,100-க்கு மேல் மதிப்பெண் வாங்கியவள் நான். (பொறியியல் படித்தபோது அரியர் வைத்தது வேறு கதை.) துறுதுறுவென்று ஓடிய குழந்தையும் அல்ல, ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். இந்த வயதில் இது எப்படி வரும்? மருந்துக் கடைகளில் சீட்டைப் பார்த்ததும் "இங்கே கிடைக்காதுங்க" என்று ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். மாமியாரோ, "பைத்தியத்துக்குத் தின்கிற மாத்திரை நமக்கு எதற்கு அம்மிணி, கொஞ்சம் கருத்தாக இருந்தால் போதாதா" என்கிறார். சீட்டு பீரோவில் கிடக்கிறது. சாப்பிடலாமா?

– ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள சகோதரி,

அரியரை 'வேறு கதை' என்று அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டீர்கள். எனக்கு அதுதான் கதை. நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகள் எப்படிப்பட்டவை என்று கொங்கு நாட்டில் பிள்ளை வளர்க்கும் எல்லோருக்கும் தெரியும். விடியும் முன்பே எழுப்புவார்கள், படிக்கும்போது எதிரிலேயே ஆசிரியர் உட்கார்ந்திருப்பார், தேர்வுக்கு மேல் தேர்வு. அடுத்து என்ன செய்வது என்று அங்கே நீங்கள் யோசிக்கவே வேண்டியதில்லை. அந்தக் கட்டு கல்லூரியில் அவிழ்ந்தது, அரியர் விழுந்தது. கல்யாணம், குடும்பம், ஒரே நேரத்தில் பல ஆர்டர் என்று ஆனபோது சாயப்பட்டறை வரை வந்துவிட்டது. மனநல மருத்துவர்கள் பின்பற்றும் டி.எஸ்.எம்.-5 கையேடு (2013), அறிகுறிகளில் பல 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும் என்கிறது. உங்கள் அம்மாவை வரவழைத்தது அதற்காகத்தான். ஜன்னலோரம் அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெண் குழந்தையைப் பற்றி எந்த ஆசிரியர் புகார் சொல்வார்? 'சாது' என்று பாராட்டித்தான் அனுப்பியிருப்பார். அப்பாவின் மடையையும் நான் சும்மா விடமாட்டேன். இது பெரும்பாலும் குடும்ப வழியில் வருவது.

கடைக்காரரின் பார்வைக்குக் காரணம் வேறு. மெத்தில்பெனிடேட், மருந்து விதிகளில் 'அட்டவணை எக்ஸ்' பட்டியலில் இருக்கிறது. அதற்கெனத் தனி உரிமம் பெற்ற கடைதான் விற்கலாம். சீட்டு இரண்டு பிரதிகளாக வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும். இவ்வளவு தொல்லை எதற்கு என்று பல கடைகள் வாங்கி வைப்பதே இல்லை. எங்கே கிடைக்கும் என்று மருத்துவரிடமே கேளுங்கள். போனிலோ வீடியோ அழைப்பிலோ இதை எழுதித் தர விதி இடம் கொடுப்பதில்லை, கோவைக்கு நேரில்தான் போக வேண்டும்.

நான் ஆலோசகர், மருந்து எழுதுபவள் அல்ல. ஆனாலும் மழுப்பாமல் சொல்கிறேன்: இவ்வளவு முறையாக விசாரித்து எழுதிய சீட்டு பீரோவில் கிடக்கக் கூடாது. குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். சாதாரண மாத்திரை ஏறக்குறைய நான்கு மணி நேரம் வேலை செய்யும். பசி மந்தமாகலாம், தூக்கம் தள்ளிப்போகலாம், நெஞ்சு படபடக்கலாம். நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். பேக்கரி டீயைக் குறையுங்கள் (திருப்பூரில் இது பெரிய தியாகம்தான்). தவறாகப் பயன்படுத்துவோர் இருப்பதால்தான் இத்தனை கட்டுப்பாடு. சொன்ன அளவில், மருத்துவர் கண்காணிப்பில் சாப்பிடுகிறவர் அடிமையாகிவிடுவோமோ என்று அஞ்சிக் கிடக்க வேண்டாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் அடோமாக்செடின் என்ற வேறு மருந்து இருக்கிறது, அதன் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இதயக் கோளாறு உண்டென்றால், அல்லது குழந்தை பெறும் எண்ணமிருந்தால், முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மாத்திரை சாப்பிட்டாலும், எந்த மெயிலை முதலில் கவனிப்பது என்று நீங்கள்தான் பழக வேண்டும். நிறமோ அளவோ தேதியோ மாறுகிறதா, அந்த மெயிலை மூடும் முன்பே சம்பந்தப்பட்டவருக்குப் போன் செய்துவிடுங்கள். 'டீ குடித்துவிட்டு வந்து' என்ற பேச்சே வேண்டாம். மனதில் குறித்துக்கொள்ளும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். ஒரே ஒரு நோட்டு, மேஜைமேல் திறந்தபடி இருக்கட்டும். மாலையில் கிளம்பும் முன் பக்கத்து இருக்கைத் தோழியிடம் அன்றைய மாற்றங்களை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். பால் காயும்போது அடுப்படியை விட்டு நகராதீர்கள்.

மாமியாரிடம் வாதாடி ஜெயிக்க முயல வேண்டாம். அவர் சொல்லும் அந்தக் 'கருத்து' மனம் வைத்தால் வரக்கூடியது என்றால், இத்தனை ஆண்டுத் திட்டில் எப்போதோ வந்திருக்கும். கணவருக்குப் புரிந்தால் இப்போதைக்குப் போதும். அடுத்த முறை அவரையும் கோவைக்கு அழைத்துப் போங்கள். மாத்திரை சாப்பிட்டபின் உங்களிடம் தெரியும் மாற்றத்தை உங்களைவிட அவர் முதலில் கவனிக்கக் கூடும். மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தாள் கணவர் சட்டைப் பையில் இருக்கட்டும்.