2147483647 ப்ரைம் தான், உங்க லூப் தான் பொய் சொல்லுது

கேள்வி: ஜாவால ப்ரைம் (பகா எண்) செக் பண்ற ப்ரோக்ராம் எழுதிருக்கேன். 2147483647 குடுத்தா ரொம்ப நேரம் ஓடிட்டு "ப்ரைம் இல்ல"ன்னு வருது. ஆனா அது ப்ரைம்னு தான் எல்லாரும் சொல்றாங்க. எது சரி? ஸ்ட்ரிங் ஹாஷுக்கு, அதாவது ஸ்ட்ரிங்க ஒரு நம்பரா சுருக்குறதுக்கு, இத மாடுலோவா (வகுத்து மீதி எடுக்குற நம்பரா) போடலாமா?

பதில்: ப்ரைமே தான், 1772லயே கணித மேதை ஆய்லர் நிரூபிச்சாச்சு. ஐ*ஐ <= என் அப்டின்னு தான (ஐ வகுத்துப் பாக்குற நம்பர், என் செக் பண்ற நம்பர்) கண்டிஷன் வச்சிருப்பீங்க? மத்த நம்பருக்கெல்லாம் அது ஒழுங்கா ஓடும், ஆனா இது 2ன் 31ஆம் அடுக்குல 1 கம்மி, ஜாவா இன்ட்ல (32 பிட் முழு எண்) அடங்குற ஆகப்பெரிய நம்பரே இதான், அதனால ஐ 46341க்கு வந்ததும் ஐ*ஐ இன்ட்ல அடங்காம ஓவர்ஃப்ளோ ஆகி மைனஸ்ல போயிடும், எந்த இன்ட்டும் இத தாண்டவே முடியாதுங்கிறப்போ கண்டிஷன் எப்பவுமே உண்மை தான, லூப் நிக்காம ஓடி கடைசில ஐயே 2147483647 ஆயிடும், மீதி 0 வரும், உடனே "ப்ரைம் இல்ல". ஐ <= என்/ஐ னு மாத்துங்க, இல்லன்னா ஐய லாங் (64 பிட் முழு எண்) ஆக்குங்க. அவ்ளோதான்.

இப்பவும் 46,000 தடவைக்கு மேல வகுக்கணும். கம்ப்யூட்டருக்கு அது ஒண்ணுமில்ல, ஆய்லர் கையால பண்ணவர். இதுக்கு ஒரு பகாக் காரணி இருந்தா அத 62ஆல வகுத்தா மீதி 1 வந்தே ஆகணும், ஏன்னா அந்த காரணிய வச்சு மீதி பாத்தா 2ன் அடுக்குகள் 31க்கு ஒரு தடவ திரும்ப 1க்கு வரும், 31 பகா எண்ங்கிறதால அதுக்கு முன்னாடி வராது. அதோட 8ஆல வகுத்தா 1 இல்ல 7 தான் மீதி வரும். ரெண்டையும் சேத்தா மிஞ்சுறது 370 சொச்சம் நம்பர் தான். எனக்கு இன்னிக்கும் இது மேஜிக் மாதிரி தான் இருக்கு. அடுக்கு ப்ரைமா இருந்தா போதும்னு மட்டும் நினைச்சுடாதீங்க, 2ன் 11ஆம் அடுக்குல 1 கழிச்சா 2047, அது 23 × 89.

இந்த மாதிரி மெர்சென் நம்பருக்கு (2ன் ஏதோ ஒரு அடுக்குல 1 கம்மியா இருக்கிறது) லூக்கா-லெமர் டெஸ்ட் இன்னும் வேகம்: 4ல ஆரம்பிச்சு, ஸ்கொயர் பண்ணி 2 கழிச்சு, நம்ம நம்பரால வகுத்து மீதிய மட்டும் வச்சுக்கிட்டே போங்க, 29ஆவது தடவ 0 வரும், வந்தா ப்ரைம். லாங்ல பண்ணுங்க, இல்லன்னா மறுபடி அதே ஓவர்ஃப்ளோ.

ஹாஷுக்கு தாராளமா போடலாம், வகுக்கவே வேணாம், கீழ் 31 பிட்டையும் மேல மிச்சம் இருக்கிறதையும் கூட்டி, நம்ம நம்பருக்கு சமமாவோ அத தாண்டியோ வந்தா அத ஒரு தடவ கழிச்சா போதும். ஆனா 50,000 சொச்சம் ஸ்ட்ரிங் சேந்தாலே ஏதோ ரெண்டு மோதுறதுக்கு (ஒரே ஹாஷ் வர்றதுக்கு) பாதிக்கு பாதி சான்ஸ், டேட்டா அதிகம்னா அடுத்த மெர்சென் ப்ரைமுக்கு, அதாவது 2ன் 61ஆம் அடுக்குல 1 கம்மிக்கு போங்க, அங்க பெருக்கினா லாங்கும் பத்தாது, 128 பிட் பெருக்கல் வேணும்.