பேரரசர் பட்டமும் பரம்பரை நிலங்களும்

கேள்வி: ஹாப்ஸ்பர்க் வம்சத்தினர் தேர்தல் மூலம்தான் பேரரசர் ஆனார்கள் என்றால், அவர்களுடைய ‘பரம்பரை நிலங்கள்’ என்று எவற்றைச் சொல்கிறார்கள்?

பதில்: ஜெர்மன் சிற்றரசுகள் பல சேர்ந்த புனித ரோமானியப் பேரரசில் மணிமுடியை வாக்காளர்களான சிற்றரசர்களே வழங்கினார்கள், ஆனால் படையும் வரியும் அந்தந்த வம்சத்தின் சொந்த நிலத்திலிருந்துதான் வர வேண்டியிருந்தது. 1278இல் பொஹீமிய மன்னர் இரண்டாம் ஓட்டகரைப் போரில் வீழ்த்திய ஹாப்ஸ்பர்க் மன்னர் முதலாம் ருடோல்ஃப், 1282இல் ஆஸ்திரியாவையும் ஸ்டிரியாவையும் தம் மகன்களுக்கு அளித்தார். 1335இல் அண்டை நிலங்களான கரிந்தியாவும் கார்னியோலாவும், 1363இல் டிரோலும் சேர்ந்தன. இப்படி வம்சத்துக்குள் வழிவழியாக வந்த நிலங்களையே பரம்பரை நிலங்கள் என்கிறார்கள். குலத்துக்கே பெயர் தந்த ஹாப்ஸ்பர்க் கோட்டையோ 1415இல் சுவிஸ் கூட்டமைப்பினரிடம் பறிபோயிற்று.

பரம்பரை உரிமை என்றாலும், ஒவ்வொரு நிலமும் தன் வழக்கங்களை விட்டுக்கொடுக்கவில்லை. கரிந்தியாவில், கவிழ்த்து வைத்த ரோமானியத் தூண் அடிக்கல் ஒன்றின்மேல் உழவர் ஒருவர் அமர்ந்து, வருகிறவர் நேர்மையான நீதிபதிதானா, நாட்டின் நலம் நாடுபவர்தானா என்று ஸ்லோவேனிய மொழியில் கேட்டு, உரிய பதில் கிடைத்த பிறகே புதிய கோமகனுக்கு இடம்விட்டு எழுவார். 1414இல் கோமகன் எர்ன்ஸ்ட் இவ்வாறு பதவியேற்றதே கடைசி. ஐரோப்பிய அரச மரபுகளில் இதைவிட மேன்மையான சடங்கை நான் அறியேன்.

பட்டத்துக்கும் நிலத்துக்கும் உள்ள வேறுபாடு ஹாப்ஸ்பர்க் அரசி மரியா தெரேசாவின் வாழ்வில் தெளிவாகத் தெரியும். 1740இல் தந்தை இறந்ததும் நிலங்கள் அவருக்கு வந்தன. பேரரசர் பட்டம் 1742இல் பவேரியாவின் சார்ல்ஸ் ஆல்பர்ட்டுக்குப் போய், 1745இல்தான் மரியா தெரேசாவின் கணவர் ஃபிரான்சிஸுக்குக் கிடைத்தது.