கோழிக்கூட்டை இரவை நினைத்துக் கட்டுங்கள்

கேள்வி: திண்டுக்கல் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் 20 அடிக்கு 12 அடி கொல்லை, ஓரத்தில் ஒரு வேப்பமரம். வீட்டு முட்டைக்காக எட்டுப் பெட்டையும் ஒரு சேவலும் வளர்க்க ஆசை. வெல்டிங் பட்டறையில் தரையும் கம்பியாக உள்ள மூன்றடுக்குக் கூண்டு செய்து தருவதாகச் சொல்கிறார்கள். மாமியாரோ கோழியைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரக் கூடையே போதும் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, உங்கள் மாமியார் வளர்த்த காலத்தில் பஞ்சாரம் போதுமானதாகத்தான் இருந்திருக்கும். நாலைந்து கோழி, பகல் முழுக்கத் தெருவெல்லாம் மேயும், பொழுது சாய்ந்தால் திண்ணையில் கவிழ்த்து மேலே ஒரு கல்லை வைத்துவிடுவார்கள். ஒன்பது கோழிக்கு அது ஆகாது. ஆனாலும் ஒன்று வாங்கி வையுங்கள். அடைகோழி குஞ்சு பொரித்த பிறகு தாயையும் குஞ்சுகளையும் தனியாக விட அதைப்போல வசதியான பொருள் வேறில்லை.

மூன்றடுக்குக் கூண்டு வேண்டாம். கோழி என்றால் மண்ணைக் கிளற வேண்டும், புழுதியில் புரள வேண்டும். கம்பித் தரையில் நாள் முழுக்க நின்றால் கால் புண்ணாகும். அந்தப் பணத்தில் நல்ல வலை வாங்கலாம்.

பகலில் கோழிக்குத் தேவை நிழல், தண்ணீர், கிளற மண். இருட்டினால் அதற்குக் கண் சரியாகத் தெரியாது. உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும். எது வந்து பிடித்தாலும் ஓடாது. அதனால் கொட்டகையை இரவை நினைத்துக் கட்ட வேண்டும். நான் முதன்முதலில் கட்டிய கூட்டில் சுவரெல்லாம் பலமாகத்தான் இருந்தது. தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருந்ததைக் காற்றுக்கு நல்லது என்று விட்டுவிட்டேன். ஒரே இரவில் மரநாய் அந்த வழியாக இறங்கி ஆறு விடைக்கோழிகளைக் கடித்துப் போட்டுவிட்டது. ஒன்றைத்தான் தூக்கிப் போனது. காலையில் கதவைத் திறந்தபோது பார்த்த காட்சி இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. இடைவெளி இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் ஒவ்வொன்றிலும் வலை அடித்திருக்க வேண்டும்.

வலை விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கடையில் கோழிவலை என்று கேட்டால் அறுகோணக் கண் உள்ள மெல்லிய வலையைத் தருவார்கள். அது கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். தெருநாய் பல்லால் இழுத்தால் பிய்ந்துவிடும். கொட்டகைக்கு அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்த வலை, வாங்குங்கள். ஒரு அங்குலக் கண் என்றால் எலியும் பாம்புக்குட்டியும் நுழைந்துவிடும். மேய்ச்சல் அடைப்புக்குக் கீழே மூன்று அடி உயரம்வரை இதே மெஷ், அதற்கு மேல் சாதாரண வலை போதும். அடைப்பின் மேல்பக்கத்தையும் மூட வேண்டும்; வல்லூறும் காகமும் குஞ்சைத் தூக்கும். இரவுக்கு மரநாய் என்றால் பகலுக்குக் கீரி. கொட்டகை பலமாக இருக்கிறது என்று அடைப்பை ஏனோதானோ என்று விட்டுவிடாதீர்கள்.

கீரியும் பெருச்சாளியும் தோண்டிக்கொண்டு வரும். அதைத் தடுக்க ஆழமாகக் குழி தோண்டி வலை புதைக்க வேண்டியதில்லை. வேலியின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை அடி வலையைத் தரையில் படுக்க வைத்து, வேலியோடு சேர்த்துக் கட்டி, மேலே மண்ணும் கல்லும் போட்டு மூடிவிடுங்கள். வேலி ஓரத்தில் தோண்டத் தொடங்கும் பிராணிக்கு வலை தட்டுப்படும். பின்னால் போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது. பொறியோ விஷமோ வைக்க வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கீரி, மரநாய் இரண்டுமே பாதுகாக்கப்பட்ட விலங்குகள்.

சரி, அளவுக்கு வருவோம். இரவுக் கொட்டகையில் கோழிக்கு நாலு சதுர அடி, அடைப்பில் பத்து சதுர அடி என்று கணக்கு வையுங்கள். உங்கள் ஒன்பது கோழிக்கு 8 அடிக்கு 5 அடி கொட்டகையும், அதையொட்டி 12 அடிக்கு 10 அடி அடைப்பும் தாராளம். கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். அப்போது நீளச் சுவர்கள் தெற்கும் வடக்குமாக அமையும். காலை, மாலை வெயில் வலை வழியாக உள்ளே அடிக்காது. ஆள் நிமிர்ந்து நுழையும் உயரம் வேண்டும். குனிந்து நுழைய வேண்டிய கூட்டை யாரும் ஒழுங்காகச் சுத்தம் செய்வதில்லை.

தரையைச் சுற்றியுள்ள மண்ணைவிட ஒன்றரை அடி உயர்த்திச் சிமெண்டு போடுங்கள். நீளச் சுவர்கள் இரண்டும் ஒன்றரை அடிவரை கல், அதற்கு மேல் முழுக்க வலை. உங்கள் ஊர்க் குளிர் வளர்ந்த கோழியை ஒன்றும் செய்யாது. ஈரமும் அடைபட்ட காற்றும்தான் நோய் தரும். மழைக்குப் படுதா கட்டும்போதும் மேலே ஒரு அடி திறந்திருக்கட்டும். கூரை, சுவரைத் தாண்டி இரண்டரை அடியாவது நீண்டிருந்தால் சாரல் உள்ளே வராது. வெறும் தகரம் சித்திரை வெயிலில் கொதிக்கும், கோழிக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். வெறும் கீற்று போட்டால் குளிர்ச்சி உண்டு, ஆனால் அதில் எலி குடியேறும், பின்னாலேயே சாரைப்பாம்பு வரும். தகரம் போட்டு அதன் மேல் கீற்று வேய்வதே நல்லது.

தரையில் கடலைத் தோலோ உமியோ மூன்று அங்குலம் பரப்பி வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். உள்ளே போனதும் கண் எரிந்தால் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம். நனைந்ததை அள்ளிவிட்டுப் புதிது போடுங்கள். இரத்தக் கழிச்சல் ஈரத்தில்தான் பெருகும். இதனாலேயே தண்ணீர்த் தொட்டி கொட்டகைக்குள் வேண்டாம், வேப்பமர நிழலில் இருக்கட்டும். இரவில் தீவனத்தையும் விட்டு வைக்காதீர்கள். சிந்திய குருணைக்கு எலி வரும்.

உட்கார வேப்பங்கொம்பு போதும், மூங்கில் வழுக்கும். கோழிக்கு எட்டு அங்குலம் வீதம் மொத்தம் ஆறு அடி, எல்லாம் ஒரே உயரத்தில். படிப்படியாக வைத்தால் மேல் கொம்புக்குத் தினமும் சண்டை நடக்கும். முட்டைக்கு ஒரு அடிச் சதுரத்தில் இரண்டு பெட்டிகள், இருட்டான மூலையில், கொம்பைவிடத் தாழ்வாக. உயரமாக வைத்தால் கோழிகள் அதிலேயே தூங்கி எச்சமிடும். அடைப்பின் ஒரு மூலையில் அடுப்புச் சாம்பலும் மண்ணும் கலந்து கொட்டிவிடுங்கள், பேனுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

இரண்டு மாதம் தாண்டிய, வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி போட்ட கோழிகளாகக் கேட்டு வாங்குங்கள். பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் தடுப்பூசி முகாமுக்கும் எடுத்துப் போங்கள். வாங்கி வந்ததும் முதல் ஒரு வாரம் கொட்டகைக்குள்ளேயே அடைத்து வையுங்கள். அந்த நாட்களுக்கு மட்டும் தண்ணீரைக் கனமான சட்டியில் உள்ளே வைக்கலாம். எட்டாம் நாள் சாயங்காலம், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது, இரை வைக்காமல் அடைப்பில் திறந்துவிடுங்கள். இருட்டும் நேரத்தில் கொட்டகைக்குள் கம்புத் தானியத்தை இறைத்துக் கூப்பிட்டால் எல்லாம் ஓடி வரும். எண்ணிப் பார்த்துவிட்டுத் தாழ்ப்பாள் போடுங்கள். தாழ்ப்பாளோடு ஒரு கொக்கியும் இருக்கட்டும், நாய் முட்டினால் வெறும் தாழ்ப்பாள் விலகிவிடும்.